நிறுத்தியாச்சு, அண்ணாச்சி

2012 ஆடி மாதம். மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பித் தரும் ஒரு சின்னக் கம்பெனியில், சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கம்பெனி என்றால் நான்கு பேர், ஒரு ஏசி, எங்கோ வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சர்வர். வாடிக்கையாளர்களில் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. அவர் கையிலிருந்த 40,000 எண்களுக்கு ஆடித் தள்ளுபடிச் செய்தி போக வேண்டும். 15 சதவீதம் என்று அவர் போனில் சொன்னதை நான் 51 என்று தட்டிவிட்டேன்.

சாயங்காலம் ஏழு மணிக்கு ஸ்கிரிப்டை ஓட விட்டேன். எண்களை எட்டுக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிள்ளை ப்ராசஸை எழுப்பி, எட்டும் ஒரே நேரத்தில் அனுப்பும்படி எழுதியிருந்தேன். எனக்கே என் மேல் கொஞ்சம் பெருமை. ஐந்தாவது நிமிடம் போன் அடித்தது.

"தம்பி, அம்பத்தொண்ணுன்னு வந்திருக்கே. நான் பதினஞ்சுன்னுல்லா சொன்னேன்?"

கை தானாகக் கன்ட்ரோல்-சி-க்குப் போனது. ஸ்கிரிப்ட் நின்றது. அடுத்த வரியில் கர்சர் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி மினுங்கியது. "நிறுத்தியாச்சு, அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

இருபது நிமிடம் கழித்து மறுபடி போன். இந்த முறை அவர் குரல் தாழ்ந்திருந்தது. "தம்பி, எம் மச்சினன் போனுக்கு இப்பதான் வந்துச்சு. நிறுத்திட்டேன்னுல்லா சொன்னீய?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஸ்கிரிப்ட் இல்லை. அது செத்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஆனால் அது பெற்ற எட்டுப் பிள்ளைகளும் உயிரோடு, ஒழுங்காக, ஒரு விநாடிக்கு எட்டுச் செய்தி வீதம் அனுப்பிக்கொண்டிருந்தன. ப்ராசஸ் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் அதன் தாய் யார் என்று காட்டும் ஒரு பத்தி உண்டு. எட்டுக்கும் நேரே அந்தப் பத்தியில் 1 என்று இருந்தது. ஒவ்வொன்றாக எண்ணைப் பார்த்துக் கொன்று முடிக்கும்போது சுமார் 12,000 பேருக்கு 51 சதவீதம் போய்ச் சேர்ந்திருந்தது.

அன்றைக்கு அதை ஒரு பழுது என்றே நினைத்தேன். சர்வர் சரியில்லை, இல்லாவிட்டால் நான் சரியாக அழுத்தவில்லை. பழுதே இல்லை, எல்லாம் விதிப்படிதான் நடந்தது என்று புரிய எனக்குச் சில வருடங்கள் ஆயின. அந்த விதியை எழுதியவர்களுக்கு நல்ல காரணமும் இருந்தது. ஒரே சங்கடம், அது 1970களின் காரணம்.

இங்கே சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஆபீசில் நாங்கள் பேரன்ட், சைல்டு என்றுதான் சொல்வோம். இந்தக் கட்டுரையில் தாய், பிள்ளை என்று எழுதுகிறேன். ஒரு நிரல் இன்னொன்றை எழுப்பினால் எழுப்பியது தாய், எழுந்தது பிள்ளை. தாய் செத்துவிட்டால் பிள்ளை அனாதை. பிள்ளை செத்து, அந்தச் சாவைத் தாய் இன்னும் கேட்டுக்கொள்ளாமல் இருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஸோம்பி என்று பெயர். சிக்னல் அனுப்பும் கட்டளையின் பெயரே 'கொல்'. இந்தத் துறைக்கு யார் பெயர் வைத்தார்களோ, வீட்டில் என்ன பிரச்சினையோ தெரியாது. ஆனால் இந்தக் குடும்பப் பெயர்கள்தான் என்னை ஏமாற்றின. தாய், பிள்ளை என்று கேட்டதும் மனசு தானாகவே ஓர் உறவைக் கற்பனை செய்துகொள்கிறது. கையில் பிடித்திருப்பாள், போனால் கூட்டிக்கொண்டு போவாள் என்று. யூனிக்ஸ் அப்படி எதையும் ஒருபோதும் சொல்லவில்லை.

கதை 1969இல், நியூஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில்லில், பெல் ஆய்வகத்தில் தொடங்குகிறது. மல்டிக்ஸ் என்ற பிரம்மாண்டமான திட்டத்திலிருந்து ஆய்வகம் விலகிக்கொண்டது. கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் கையில் வேலை இல்லாமல், ஓரமாகக் கிடந்த பிடிபி-7 என்ற பழைய இயந்திரத்தில் தங்களுக்கென்று ஒரு சின்ன இயங்குதளத்தை எழுத ஆரம்பித்தார்கள். அதன் ஆரம்ப நாள்களைப் பற்றிப் பத்து வருடம் கழித்து ரிட்சி ஒரு கட்டுரை எழுதினார். தொழில்நுட்பக் கட்டுரைதான், ஆனால் நான் படித்த நல்ல நினைவோடைகளில் ஒன்று என்று தயங்காமல் சொல்வேன்.

அதில் அவர் சொல்கிறார்: முதலில் அந்த இயந்திரத்தில் மொத்தமே இரண்டு ப்ராசஸ்தான். இரண்டு டெர்மினல்கள் இருந்தன, ஆளுக்கு ஒன்று. தாய் பிள்ளை என்ற பேச்சே கிடையாது. ஒரு கட்டளையைத் தட்டினால் ஷெல் அந்தக் கட்டளையின் நிரலைத் தன் மேலேயே ஏற்றிக்கொள்ளும். அதாவது ஷெல் தன்னை அழித்துக்கொண்டு அந்தக் கட்டளையாகவே மாறிவிடும். வேலை முடிந்ததும் புதிதாக ஒரு ஷெல் அதே இடத்தில் வந்து உட்காரும். யாரும் யாரையும் பெறவில்லை, யாரும் யாருக்கும் பொறுப்பில்லை.

இப்போது நாம் அறிந்த முறை அதற்குள் இரண்டொரு நாளில் நுழைந்துவிட்டது. ஃபோர்க் என்ற அழைப்பு. ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ் தன்னை அப்படியே நகல் எடுத்துக்கொள்ளும். ஒன்று இரண்டாகும். யோசனை புதிதல்ல. மெல்வின் கான்வே 1963இல் ஒரு கட்டுரையில் அதை முன்வைத்திருந்தார் (நிறுவனத்தின் அமைப்பு எப்படியோ அப்படித்தான் அது எழுதும் மென்பொருளும் இருக்கும் என்ற 'கான்வே விதி'யைச் சொன்ன அதே கான்வே). பெர்க்லியில் எஸ்டிஎஸ் 940 என்ற இயந்திரத்துக்காக எழுதப்பட்ட இயங்குதளத்தில் ஃபோர்க் நடைமுறையிலேயே இருந்தது. தாம்ஸன் பெர்க்லியில் படித்தவர். பிடிபி-7இல் ஃபோர்க்கைச் சேர்க்க எத்தனை வரி தேவைப்பட்டது என்று ரிட்சி துல்லியமாக எழுதியிருக்கிறார்: 27 வரி அசெம்பிளி. நகலை வட்டில் எழுதும் வசதி ஏற்கெனவே இருந்தது. ப்ராசஸ் அட்டவணையைக் கொஞ்சம் நீட்டினார்கள். அவ்வளவுதான்.

அந்த 27 வரி உள்ளே வந்ததும் ஒரு வேடிக்கை நடந்தது. இருக்கும் அடைவிலிருந்து இன்னொரு அடைவுக்குப் போகும் கட்டளை வேலை செய்யாமல் போயிற்று. யாரும் அதைத் தொடவே இல்லை. தலையைப் பிய்த்துக்கொண்டு நிரலைத் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் விளங்கியது. இப்போது எல்லாக் கட்டளையும் பிள்ளை ப்ராசஸாக ஓடுகிறது. ஆகவே பிள்ளை ஒழுங்காக வேறு அடைவுக்குப் போகிறது, போன வேகத்தில் செத்தும் போகிறது. தாயான ஷெல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கட்டளை ஷெல்லுக்கு உள்ளேயே ஓடுகிறது. பிள்ளை போன ஊருக்குத் தாய் போவதில்லை என்று அவர்கள் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். தாய் போன பிறகு பிள்ளை என்ன ஆகும் என்ற கேள்வி அப்போது யாருக்கும் அவசரமாக இருந்திருக்காது. தாய் என்பது பெரும்பாலும் ஷெல். ஷெல் பிள்ளை முடியும்வரை காத்திருக்கும். முந்திப் போவது பிள்ளைதான்.

அந்தக் கேள்விக்கு யூனிக்ஸ் என்ன பதில் வைத்திருந்தது என்பதை நான் கண்ணால் பார்த்தது ஜான் லயன்ஸின் புத்தகத்தில். சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய லயன்ஸ், யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கர்னலை முழுதாக அச்சிட்டு, வரிவரியாக உரை எழுதினார். மணிப்பிரவாள உரையாசிரியர்கள் பாசுரத்துக்கு எழுதியது போல என்று எனக்குத் தோன்றும். உரிமம் இல்லாதவர்கள் படிக்கக்கூடாது என்று தடை இருந்ததால் ஒரு தலைமுறை அதை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்துப் படித்தது. வெளிப்படையான பதிப்பு 1996இல்தான் வந்தது.

ஆறாம் பதிப்பு 1975ஐச் சேர்ந்தது. அதன் ப்ராசஸ் அட்டவணையில் மொத்தம் 50 இடம். ஒரு ப்ராசஸ் வெளியேறும்போது என்ன நடக்கிறது என்பதைச் சொல்லும் பகுதி ஒரு பக்கம்கூட இல்லை. செத்துக்கொண்டிருக்கும் ப்ராசஸ் முதலில் தன் தாயை எழுப்பி, நான் போகிறேன் என்று தகவல் வைக்கிறது. பிறகு அட்டவணை முழுதும் நடந்து, தன்னைத் தாய் என்று குறித்திருக்கும் பிள்ளைகளைத் தேடுகிறது. கண்டால் 'தாயின் எண்' என்ற இடத்தில் 1 என்று எழுதிவிட்டுப் போகிறது. 1 என்பது இனிட், இயந்திரம் எழுந்ததும் பிறக்கும் முதல் ப்ராசஸ், எல்லோருக்கும் பாட்டி. தத்துக்கொடுத்தாயிற்று. பிள்ளைக்கு ஒரு தகவலும் கிடையாது. அது எதையும் உணராமல் வேலையைத் தொடரும்.

சாவுச் செய்தி மேலே மட்டும்தான் போகிறது, கீழே வருவதில்லை. பிள்ளை போனால் தாய்க்குத் தகவல் உண்டு. தாய் போனால் பிள்ளைக்கு இல்லை. அண்ணாச்சியின் எட்டு ப்ராசஸ்களுக்கு நேரே நான் பார்த்த அந்த 1, 1975இல் இப்படி எழுதப்பட்ட அதே 1.

வேறு மாதிரியும் செய்திருக்கலாம். டிஜிட்டல் நிறுவனம் 1977இல் அறிவித்த விஎம்எஸ் இயங்குதளத்தில் இரண்டு வகை ப்ராசஸ் உண்டு. துணைப் ப்ராசஸ் என்றால் பெற்றது செத்தால் தானும் சாகும். தனிப் ப்ராசஸ் என்றால் யாரையும் சாராமல் ஓடும். எழுப்பும்போதே எது வேண்டும் என்று சொல்லிவிட வேண்டும். எவ்வளவு நேர்மையான ஏற்பாடு! யூனிக்ஸ் அந்தக் கேள்வியையே கேட்கவில்லை. கேட்காததால்தான் 27 வரியில் முடிந்தது.

அப்படியானால் கன்ட்ரோல்-சி எப்படித்தான் வேலை செய்கிறது என்று கேட்பீர்கள். தினமும் அழுத்துகிறோம், தாயும் பிள்ளைகளும் சேர்ந்துதானே நிற்கின்றன? நிற்கின்றன. ஆனால் தாய் செத்ததால் பிள்ளை சாவதில்லை. இந்த ஒன்று புரியாமல்தான் நான் டீ குடிக்கப் போனேன்.

ஆரம்ப யூனிக்ஸில் நிறுத்தும் விசை டிலீட். கன்ட்ரோல்-சி டிஜிட்டல் நிறுவனத்தின் இயந்திரங்களிலிருந்து பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். எந்த விசையானாலும், அழுத்தியதும் அது நிரலுக்குப் போவதில்லை. நடுவில் இருக்கும் கர்னல், டெர்மினலைக் கவனிக்கும் பகுதி, அதைப் பிடித்துக்கொள்கிறது. ஆறாம் பதிப்பில் அடுத்து நடப்பது ரொம்ப எளிது. மறுபடி அந்த 50 இடத்து அட்டவணையை முதலிலிருந்து கடைசிவரை நடக்கிறது. இந்த டெர்மினலைச் சேர்ந்தவன் எவனோ அவனுக்கெல்லாம் ஒரு சிக்னல். தாய் யார், பிள்ளை யார் என்று பார்ப்பதே இல்லை. கூடத்தில் நின்றுகொண்டு "எல்லாரும் எந்திரிங்கடா" என்று கத்துவது போல. யார் யாருக்குப் பிறந்தவன் என்பது கணக்கில்லை, யார் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்பதுதான் கணக்கு.

இதில் ஒரு சிக்கல் உடனே வந்தது. யூனிக்ஸில் ஒரு கட்டளையின் கடைசியில் ஆம்பர்சண்ட் குறி போட்டால் ஷெல் அது முடியும்வரை காத்திருக்காது. அது பின்னணியில் ஓடும், நீங்கள் வேறு வேலை பார்க்கலாம். இரவு முழுக்க ஓட வேண்டிய ஒன்றைப் பின்னணியில் போட்டுவிட்டு முன்னால் வேறு ஏதோ செய்கிறீர்கள். அதை நிறுத்த டிலீட்டை அழுத்துகிறீர்கள். கத்தல் கூடம் முழுதும் கேட்கும். பின்னணியில் இருந்ததும் சேர்ந்து சாகும்.

அதற்கு அவர்கள் கண்ட வழி, பின்னணிப் பிள்ளையின் காதில் பஞ்சை அடைப்பது. ஆம்பர்சண்ட் போட்ட எதையும் எழுப்பும் முன், 'நிறுத்து' என்ற சிக்னலைக் கேட்காதே என்று ஷெல் சொல்லிவிடும். இந்தச் செவிட்டுத்தனத்துக்கு ஒரு குணம் உண்டு: அது வழிவழியாக இறங்கும். பிள்ளை தன் உருவை மாற்றிக்கொண்டு வேறு நிரலாக ஓடினாலும் பஞ்சு காதிலேயே இருக்கும். அது பெறும் பேரப்பிள்ளைக்கும் இருக்கும்.

என் ஸ்கிரிப்டில் எட்டுப் பிள்ளைகளையும் ஆம்பர்சண்ட் போட்டுத்தான் எழுப்பியிருந்தேன். ஒரே நேரத்தில் ஓட வேறு வழி எனக்குத் தெரியாது. நான் கன்ட்ரோல்-சி அழுத்தியபோது கர்னல் ஒழுங்காக ஒன்பது பேருக்கும் கத்தியது. தாய்க்குக் கேட்டது, செத்தது. எட்டுக்கும் கேட்கவில்லை. யாரோ ஒருவருடைய இரவு வேலையைக் காப்பாற்ற நியூஜெர்சியில் அடைத்த பஞ்சு.

தொலைபேசியின் கதையையும் இங்கே சொல்லிவிடலாம். அந்நாளில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் டெலிபோன் லைன் வழியாகத்தான் இயந்திரத்தோடு பேசினார்கள். ரிசீவரை வைத்தால், அல்லது லைன் அறுந்தால், கர்னல் இன்னொரு சிக்னலை அனுப்பும். அதன் பெயரே 'போனை வைத்துவிட்டார்'. சிக்னல்களின் வரிசையில் அதற்கு எண் 1. அதற்கும் சாகாமல் இருக்க நோஹப் என்ற கட்டளை வந்தது. இன்றைக்கும் பொடியன்கள் அதைத் தட்டுகிறார்கள். ஹப் என்பது எந்தப் போன் என்று கேட்டால் முழிக்கிறார்கள்.

இந்தப் பஞ்சு வைத்தியத்துக்கு ஒரு மாற்று வந்தது, எதிர்பாராத இடத்திலிருந்து. வியன்னாவுக்கு வெளியே லாக்ஸன்பர்க் என்ற ஊரில் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்தின் கோடை மாளிகை இருக்கிறது. பட்டத்து இளவரசர் ருடால்ஃப் 1858இல் அங்கேதான் பிறந்தார். பனிப்போர் நடுவில், 1972இல், அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இன்னும் பத்து நாடுகளும் சேர்ந்து ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கின. உலகின் எரிசக்தி, மக்கள்தொகை போன்ற விஷயங்களை இரு தரப்பு விஞ்ஞானிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும் என்பது நோக்கம். அந்த நிறுவனத்துக்கு இடம் கிடைத்தது இந்த மாளிகையில். அங்கே வேலை பார்த்த ஜே. ஈ. கல்ப் என்பவர்தான், ஒரே டெர்மினலில் பல வேலைகளைப் பிரித்து ஆளும் முறையை முதலில் செய்து பார்த்தார். பெர்க்லியில் பில் ஜாய் எழுதியிருந்த சி-ஷெல்லுக்குள் அது போனது. 1980இன் பெர்க்லி யூனிக்ஸோடு வெளியே வந்தது. சி-ஷெல்லின் கையேட்டில் கல்பின் பெயரும் லாக்ஸன்பர்க் என்ற ஊர்ப்பெயரும் இன்னும் இருக்கின்றன. பெரிய புகழ் இல்லை. கையேட்டின் கடைசியில் ஒரு வரி.

அவர் செய்தது கூடத்தை அறைகளாகத் தடுத்த மாதிரி. ப்ராசஸ் குழு என்ற ஒன்று 1979இன் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது, ஆனால் டெர்மினலுக்கு ஒரு குழு என்ற அளவில். இப்போது நீங்கள் தட்டும் ஒவ்வொரு கட்டளைக்கும் அது பெறும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரு குழு. டெர்மினலின் முன்னால் ஒரு நேரத்தில் ஒரு குழுதான் நிற்கலாம். கன்ட்ரோல்-சி அந்தக் குழுவுக்கு மட்டும் கேட்கும். கன்ட்ரோல்-இஸட் அடித்து ஒரு குழுவை அப்படியே உறைய வைத்துவிட்டு இன்னொன்றை முன்னால் அழைக்கலாம். பின்னணியில் இருப்பவனுக்குக் கத்தல் கேட்காது, ஆகவே பஞ்சு தேவையில்லை.

நாம் நேரடியாகத் தட்டும் ஷெல்லுக்கு மட்டும்தான் இது. ஸ்கிரிப்ட் ஒன்றுக்குள் ஓடும் ஷெல் இந்த அறைகளைத் தடுப்பதில்லை. அங்கே பழைய கூடம், பழைய பஞ்சு. 1990களில் தர நிர்ணயம் எழுதியவர்கள் அதையும் விதியாக எழுதி வைத்துவிட்டார்கள். எத்தனையோ ஸ்கிரிப்டுகள் அதை நம்பி ஓடிக்கொண்டிருந்தன, எடுக்க முடியாது.

குழு என்பதும் முழுத் தீர்வு கிடையாது. எந்தப் பிள்ளையும் ஒரே ஓர் அழைப்பில் குழுவை விட்டு வெளியேறிப் புதுக் குழு தொடங்கலாம். வேண்டுமென்றே அப்படிச் செய்யும் நிரல்கள் உண்டு. இரண்டு முறை ஃபோர்க் செய்து, நடுவில் இருப்பதைச் சாகவிட்டு, டெர்மினலோடு உள்ள தொடர்பை அறுத்துக்கொண்டு பாட்டியிடம் போய்ச் சேரும். அவற்றுக்கு டீமன் என்று பெயர். தாயின் கையிலிருந்து தப்பிப்பதற்கென்றே நன்கு ஆவணப்படுத்தப்பட்ட ஒரு சடங்கு இருந்தது. தாய் பிடித்து வைத்துக்கொள்வதற்கு ஒன்றும் இல்லை.

1997இல் லினக்ஸ் ஒன்று கொடுத்தது. பிள்ளை ப்ராசஸ் கர்னலிடம் "என் தாய் செத்தால் எனக்கு இந்தச் சிக்னலை அனுப்பு" என்று கேட்டு வைக்கலாம். கீழே வராத சாவுச் செய்தி ஒருவழியாக வந்தது. ஆனால் பிள்ளைதான் கேட்க வேண்டும். அது கேட்பதற்குள் தாய் செத்திருந்தால் வேலைக்கு ஆகாது. அந்த வேண்டுகோள் பேரப்பிள்ளைக்கு இறங்காது. செவிட்டுத்தனம் வழிவழியாக இறங்குகிறது, இது இறங்குவதில்லை. யார் இதைத் திட்டமிட்டார்கள் என்று கேட்டால் யாரும் திட்டமிடவில்லை. ஒவ்வொன்றும் வேறு வருடத்தில், வேறு ஆள் வைத்த ஒட்டு. 2000இல் வந்த விண்டோஸ், ஜாப் என்ற ஒரு கூடையைக் கொடுத்தது. கூடையில் போட்டதையெல்லாம் கூடையோடு கொட்டலாம். அதைப் பார்த்து யூனிக்ஸ்காரர்கள் கொஞ்சம் பொறாமைப்பட்டிருக்க வேண்டும், வெளியே சொல்லியிருக்க மாட்டார்கள்.

லினக்ஸுக்கான கூடையை 2006இல் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் பின்ன ஆரம்பித்தார்கள். எந்த வேலை எவ்வளவு நினைவகம் தின்கிறது என்று அளப்பதுதான் அவர்களுடைய கவலை. கொல்வது நோக்கமே இல்லை. 2008 ஜனவரியில் அது கர்னலில் சேர்ந்தது, பெயர் சி-குரூப். ஒரு ப்ராசஸை அதில் போட்டால் அதன் பிள்ளையும் பேரனும் அதே கூடைக்குள்தான் பிறக்கும். இரண்டு முறை ஃபோர்க் செய்தாலும், பாட்டியிடம் போய்ச் சேர்ந்தாலும், கூடை மாறாது. அந்தச் சடங்கு முதல்முறையாகப் பலிக்காமல் போனது.

2010இல் லெனார்ட் போட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டி என்ற புதிய பாட்டியை எழுதினார்கள். பழைய இனிட்டுக்குப் பதிலாக இது 1 என்ற எண்ணில் உட்காரும். ஒவ்வொரு சேவைக்கும் ஒரு கூடை. சேவையை நிறுத்தினால் கூடையில் இருக்கும் எல்லோருக்கும் சிக்னல். இதைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சி ஞாபகம்தான் வந்தது. இப்படி ஒன்று நான்கு வருடமாகக் கர்னலில் சும்மா கிடந்திருக்கிறது, எட்டு எண்களைத் தேடித்தேடி நான் அடித்துக்கொண்டிருந்தேன்!

ஆனால் அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். 2016 மே மாதம் வந்த சிஸ்டம்டியின் 230ஆம் பதிப்பு, பயனர் வெளியேறும்போது அவருடைய கூடையையும் இயல்பாகவே காலிசெய்ய ஆரம்பித்தது. நோஹப் போட்டு விட்டுப் போனது, டிமக்ஸ், ஸ்கிரீன் என்று எல்லாமே போயிற்று. பெரிய சண்டை. மிச்சம் மீதி இல்லாமல் சுத்தம் செய்வதுதான் முறை என்றது ஒரு தரப்பு. நாற்பது வருடமாக ஒரு வேலையைப் பின்னால் ஓடவிட்டுப் போவது எங்கள் உரிமை, போனை வைத்தாலும் சாகாதே என்று நாங்கள் சொன்னதை நீ யார் மாற்ற என்றது இன்னொரு தரப்பு. டெபியன் உட்பட விநியோகங்கள் அந்த இயல்பை அணைத்து வைத்தன.

நான் முதலில் சுத்தக் கட்சி. அடிபட்டவன் அல்லவா. எந்தப் பிள்ளையும் தாயை விட்டுத் தங்கக்கூடாது என்று நண்பர்களிடம் கத்திக்கொண்டிருந்தேன். ஒரு ராத்திரி சோதனை இயந்திரம் ஒன்றில் ஆறு மணி நேரக் கணக்கு ஒன்றை டிமக்ஸில் போட்டுவிட்டு வெளியேறி வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் கணக்கு இல்லை. அந்த இயந்திரத்தில் புதுப் பதிப்பு. அரை மணி நேரம் போட்டரிங்கைத் திட்டினேன். பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு நிறுத்தினேன்.

ஒரே ஆள். 2012இல் என்னோடு சேர்ந்து சாகவில்லை என்று கோபம், 2016இல் என்னோடு சேர்ந்து செத்துவிட்டது என்று கோபம். எட்டு ப்ராசஸும் ஆறு மணி நேரக் கணக்கும் கர்னலுக்கு ஒரே மாதிரிதான் தெரிந்திருக்கும். எது எனக்கு வேண்டும் என்பதை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. விஎம்எஸ்காரன் கேட்ட கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

வேலை இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கூடையைக் காலிசெய்வதுகூட வெகுநாள் வரை சுலபமாக இல்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுத்து ஒவ்வொன்றாகக் கொல்வதற்குள் புதிதாக ஒன்று பிறந்திருக்கும். பட்டியல் காலியாகும்வரை திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கூடை முழுவதையும் ஒரே அடியில் காலிசெய்யும் வசதி லினக்ஸில் 2021இல் வந்தது. ஃபோர்க்கின் அந்த 27 வரியிலிருந்து கணக்குப் பார்த்தால் அரை நூற்றாண்டு.

என் ஸ்கிரிப்டுகளில் இப்போது மேலே ஒரு வரி இருக்கும். நிறுத்து என்ற சிக்னல் வந்தால், சாகும் முன் நீ பெற்ற எல்லோரையும் எண் சொல்லிக் கொன்றுவிட்டுச் சாவு என்று தாய்க்கு ஒரு கட்டளை. செவிட்டுப் பிள்ளைகளுக்கும் கேட்கும்படி வேறு சிக்னல், எண் 15. அன்றைக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் இரண்டாயிரத்துச் சொச்சத்தோடு நின்றிருக்கும்.

மறுநாள் காலை அண்ணாச்சி கடைக்குப் போனேன். போனில் மன்னிப்புக் கேட்க மனசு ஒப்பவில்லை. வாசலில் கூட்டம், கையில் போனைப் பிடித்துக்கொண்டு. மெசேஜைக் காட்டியவர்களுக்கெல்லாம் 51 சதவீதமே போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். "என் கடை பேருல்லா போட்டு வந்திருக்கு, வேற என்ன செய்ய?" என்றார் அண்ணாச்சி. கல்லாவில் இருந்த பையனிடம் எனக்கு ஒரு காபி சொன்னார். நேற்று நான் பொய் சொல்லவில்லை என்பதையாவது புரியவைத்துவிட வேண்டும் என்று, ஸ்கிரிப்ட் செத்தது, பிள்ளைகள் சாகாதது என்று அப்போது எனக்குத் தெரிந்த அரைகுறையைச் சொல்ல ஆரம்பித்தேன். முழுசாகக் கேட்டார். நடுவில் இரண்டு பேருக்குப் பில் போட்டார்.

"அத விடுங்க தம்பி," என்றார். "இப்பவாவது நின்னுட்டுல்லா?"

நின்றுவிட்டது என்று சொன்னேன். ஆபீசுக்குத் திரும்பியதும் பட்டியலை எடுத்து இன்னொரு முறை பார்த்தேன்.